விலைக்கு வாங்கியதும் இரவல் வாங்கியதும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, "எதைப் பற்றி சார்?" என்றேன். "உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க" என்றார். எனக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று கணக்கு. மற்றொன்று, இரவல் வாங்கிப் படிப்பது. இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நம் கல்லூரியில் நான் பி.எஸ்ஸி. கணிதம் படித்தது 1973 முதல் 1976 வரை. ஊரிலிருந்து அப்பா மாதாமாதம் மணியார்டர் அனுப்புவார். மெஸ் பில், சலவை, பஸ் எல்லாம் போக, புத்தகத்துக்கு மாதம் 5 ரூபாய் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த 5 ரூபாயை வைத்துக்கொண்டும் அன்று வழி இருந்தது. 1969-ல் ஒரு ரூபாய் விலையில் தொடங்கிய ராணி முத்து நாவல்கள், பிரிட்டிஷ் அரசின் உதவியோடு வந்த ஈ.எல்.பி.எஸ். மலிவுப் பதிப்புகள், மாஸ்கோவின் மீர் பதிப்பக அறிவியல் நூல்கள் என்று கைக்கு எட்டியவை பல. எதுவும் கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது மூர் மார்க்கெட். 1985 மே மாதத் தீ விபத்தில் அழிந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்திராத இன்றைய மாணவர்களுக்குச் சொல்கிறேன்: பழைய புத்தகத்துக்கு அதுதான் எங்கள் கோயில்.

அந்தக் கோயிலில்தான் நான் ஏமாந்தேன். இரண்டாம் ஆண்டில், வெளிநாட்டு அச்சு கால்குலஸ் புத்தகம் ஒன்று கண்ணில் பட்டது. பேரம் பேசி 18 ரூபாய்க்கு இறங்கியது. பையில் இருந்தது பரீட்சை ஃபீஸ் பணம். யோசிக்கவில்லை, வாங்கிட்டேன். மறுநாள் நம் நூலகத்துக்குப் போனால், அதே புத்தகம் இரண்டு பிரதி, தூசி படிந்து அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது!

ஃபீஸ் கட்ட மூன்று நாள்தான் பாக்கி. அப்பாவிடம் கேட்கத் துணிவில்லை. என் முகத்தைப் பார்த்த நூலகர், விஷயத்தைக் கறந்துவிட்டார். "ஏன்டா தம்பி, முதல்ல இங்கே வந்து பார்த்தியா?" என்றார். தலை குனிந்து நின்றேன். தம் சட்டைப் பையிலிருந்தே பணம் எடுத்துக் கொடுத்தார். "மெதுவா திருப்பிக் கொடு. வட்டி வேண்டாம். படிச்சு முடிச்சதும் அந்தப் புத்தகத்தை நம்ம லைப்ரரிக்குக் கொடுத்துடு. அதுதான் வட்டி."

அன்று மாலை அவர் சொன்ன கதைதான் இந்தக் கட்டுரையின் வரலாற்றுப் பகுதி. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்களும் நம்மைப் போலக் கணக்குப் பிரிவுக்காரர். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். ஆளரவமற்ற அறையில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், சில நாளிலேயே பழைய வேலைக்குத் திரும்பிவிடத் துடித்தாராம். முதலில் லண்டன் போய்ப் பயிற்சி முடித்துவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். அங்கே பொது நூலகங்களுக்குச் சாதாரண மக்கள் வந்து படிப்பதைப் பார்த்தவர், திரும்பி வந்து ஆயுள் முழுவதையும் நூலகத்துக்கே கொடுத்துவிட்டார்.

1928-ல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931-ல் ரங்கநாதனின் நூலக விதிகள் ஐந்தும் புத்தகமாக வந்தன. நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில், கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளரின் முயற்சியால் மாட்டு வண்டியில் ஒரு நூலகம் கிராமம் கிராமமாகப் புறப்பட்டது. புத்தகம் வாங்க வழியில்லாதவன் வீட்டு வாசலுக்கே புத்தகம் போனது.

வண்டி போனால் போதுமா? புதுப் புத்தகத்துக்குப் பணம் வேண்டாமா? ரங்கநாதன் பல்லாண்டு வற்புறுத்தியது இதைத்தான். நன்கொடையை நம்பினால் நூலகம் நிலைக்காது, சட்டமும் வரியும் வேண்டும் என்றார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் அதுதான். 1896-ல் திறக்கப்பட்ட கன்னிமாரா, 1950-ல் மாநில மைய நூலகமானது. மாவட்ட நூலகம், கிளை நூலகம் என்று வலை விரிந்தது.

பழைய மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டு வரி ரசீதைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ரூபாய்க்கு 10 பைசா இருக்கும். வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகை வழியாக இதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆக, புத்தகத்துக்குப் பணம் ஒதுக்காத குடும்பமே கிடையாது! ஒதுக்கிவிட்டு, போய் எடுக்காமல் இருக்கிறோம், அவ்வளவுதான்.

நூலகர் எனக்கு ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்தார். எந்தப் புத்தகத்தையும் முதலில் இரவல் வாங்கு. மூன்றாம் தடவை அதே புத்தகத்தைத் தேடிப் போனால், அப்போது விலைக்கு வாங்கு. இந்தக் கணக்கை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். வீட்டில் புத்தகம் குறைவு. ஆனால் எல்லாம் படித்தவை. ஒருமுறை மட்டும் தேவைப்படும் நூலுக்குச் செலவாகாத பணம், கூடவே இருக்க வேண்டிய நூலுக்கு மிஞ்சுகிறது. சிக்கனம் என்றால் புத்தகமே வாங்காமல் இருப்பதல்ல.

சென்ற ஆண்டு கல்லூரிக்கு வந்தபோது, நான் வட்டியாகக் கொடுத்த அந்தக் கால்குலஸைத் தேடினேன். இருந்தது. பின்னட்டையில் ஒட்டிய தேதித் தாளில் முத்திரை மேல் முத்திரை. பக்கம் நிறைந்து இன்னொரு தாளும் ஒட்டியிருந்தார்கள். கடைசி முத்திரை 2004. அதற்குக் கீழே காலி. என்னவோ போல் இருந்தது.

இப்போதைய மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கோட்டூர்புரத்தில் 2010-லும் மதுரையில் 2023-லும் பெரும் நூலகங்கள் திறந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மாணவன் இன்றைக்கும் ஃபீஸ் பணத்தில் புத்தகம் வாங்கிவிட்டு முழித்துக்கொண்டு நிற்கிறானா என்பது, இந்த வளாகத்தில் இருக்கும் நூலகருக்குத்தான் தெரியும்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சந்திப்பின்போதும் கடிகாரம், பெஞ்சு, பீரோ என்று கொடுக்கிறோம். இனி ஆளுக்கு ஒரு புத்தகத்தின் விலையை ஆண்டுதோறும் நூலகத்துக்குக் கொடுப்போம். எந்தப் புத்தகம் என்பதை மாணவர்களே எழுதிக் கொடுக்கட்டும், நூலகர் வாங்கட்டும். என் பங்கை இந்த மலரோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

தம்பி, தங்கைகளே, நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடைக்குப் போகும் முன்னால் ஒரு தடவை அலமாரியைப் பாருங்கள். அந்தக் கால்குலஸ் கணித வரிசையில் இரண்டாம் தட்டில் இருக்கிறது.