கல்லறைக்குப் போன மயில்

ரோமில் மண்ணுக்கடியில் குடைந்த பிரிசில்லா கல்லறைச் சுரங்கத்தில் மூன்றாம் நூற்றாண்டு விதான ஓவியம் ஒன்று இருக்கிறது. நடுவே ஆட்டைத் தோளில் சுமந்த நல்ல மேய்ப்பர், அவரைச் சுற்றி மயில்கள். இறந்தவர் எழுவர் என்று உறுதியாக நம்பிய மக்கள் தங்கள் பிணங்களுக்குக் காவலாக வைத்தது இந்தியக் காட்டுப் பறவையை!

அது பாய்மரம் ஏறியது வியாபாரத்துக்காக. பௌத்தர்களின் பாவேரு ஜாதகக் கதையில் நம் வணிகர்கள் பாபிலோனுக்கு முதலில் காக்கையைக் கொண்டுபோய் 100 காசுக்கு விற்கிறார்கள். மறுமுறை மயில், 1000 காசு. காக்கையை அப்புறம் யாரும் சீந்தவில்லை. சாலொமோனின் கப்பல்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கொண்டுவந்த சரக்கிலும் பொன், தந்தம், குரங்குகளோடு மயில்களைச் சேர்க்கிறது தமிழ் விவிலியம்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸில், பாரசீகத்துக்குத் தூது போன பிரிலாம்பஸ் வீட்டில் மயில்கள் வளர்ந்தன. மாதப் பிறப்பன்று மட்டும் பொதுமக்கள் பார்க்கலாம். முட்டை கிடைக்குமா என்று ஸ்பார்ட்டாவிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

ரோமானியர் அதைச் சமைத்தார்கள். கொழுக்கவைத்து விற்ற லூர்கோ என்பவருக்கு ஆண்டுக்கு 60,000 செஸ்டர்ஸ் வருமானம். அதே ரோமில் மகாராணி இறந்தால் அவள் ஆன்மாவை விண்ணுக்குச் சுமக்கும் மயிலை நாணயத்தில் பொறித்தார்கள், சக்கரவர்த்திக்குக் கழுகு. சாவும் மயிலும் இப்படித்தான் சேர்ந்தன. கிறிஸ்தவர்களுக்குக் கல்லறை வரைந்த கைகளும் அந்த ஊர்க் கைகளே. பழகிய பறவையை அப்படியே வரைந்தன. இலையுதிரும்போது தோகையை உதிர்த்து வசந்தத்தில் திரும்பப் பெறும் என்று பிளினி எழுதிவைத்த பறவைக்கு, உயிர்த்தெழுதல் என்ற பொருள் எளிதில் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒரு சாப்பாட்டு மேசை. கார்த்தேஜில் புனித அகஸ்டினுக்கு மயில் கறி பரிமாறினார்கள். மயிலின் சதை அழுகாது என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். நெஞ்சுப் பகுதியில் ஒரு துண்டை எடுத்துவைக்கச் சொன்னார். சில நாள் கழித்துப் பார்த்தார், நாற்றமில்லை. முப்பது நாள் தாண்டியும் அப்படியே. ஓராண்டுக்குப் பின் கொஞ்சம் உலர்ந்து சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். சமைத்த சூடும் வறண்ட காற்றும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் கேட்டதைச் சொல்லாமல் துண்டை எடுத்துவைத்துப் பார்த்த அந்த மனத்தை மதிக்கிறேன். ‘கடவுளின் நகரம்’ நூலில் இதை அவர் எடுத்துக்காட்டும் இடம்தான் வியப்பு: பாவிகளின் உடல் நரகத் தீயில் அழியாமல் எப்படி எரியும் என்று கேட்டவர்களுக்கான பதிலில். உயிர்த்தெழுதலைப் பற்றிய விளக்கம் அடுத்த பாகத்தில்தான் வருகிறது. கலைஞர்களோ நரகத்தை விட்டுவிட்டு அழியாமையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ரவென்னாவின் கல்சவப்பெட்டிகளில் கிறிஸ்துவின் பெயர்க்குறிக்கு இருபுறமும் மயில்கள் நிற்கின்றன. பாவியாவின் எட்டாம் நூற்றாண்டுப் பலகைச் சிற்பத்தில் கிண்ணத்தில் நீர் அருந்துகின்றன.

மயில் புறப்பட்ட நாட்டிலும் ஒரு கல்லறைக் கதை இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ்காரர் மார்க்கோ போலோ சோழமண்டலக் கரைக்கு வந்தார். புனித தோமாவின் கல்லறை இருக்கும் ஊரில் கேட்டதை எழுதினார்: தோமா காட்டில் செபித்துக்கொண்டிருந்தார், சுற்றிலும் மயில்கள், மயிலைக் குறிவைத்த ஒருவன் அம்பு தவறி அவர்மேல் பாய்ந்தது. அந்த இடத்துச் செம்மண்ணை யாத்திரிகர்கள் எடுத்துப்போய், நீரில் கரைத்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்தார்கள் என்றும் குறித்திருக்கிறார்.