உள்ளிடப் பலகையும் மையக் கட்டுப்பாட்டு அறையும்

ஓர் இயந்திரத்தை அதன் அருகில் நின்று இயக்குவதா, தொலைவிலுள்ள அறையிலிருந்து இயக்குவதா என்ற கேள்வி தொடக்கத்தில் எழவே இல்லை. அழுத்தமானி கொதிகலன் மீதே இருந்தது. தொழிலாளர் நடந்து சென்று அதைப் பார்த்து, வால்வைக் கையால் திருப்பினர்.

அளவீட்டைக் காற்றழுத்தமாக மாற்றி மெல்லிய குழாய் வழியே அனுப்பும் முறை வந்தபின் மையக் கட்டுப்பாட்டு அறை உருவானது. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3 முதல் 15 பவுண்டு வரை இருந்தது. அளவீடு சுழியானாலும் குழாயில் 3 பவுண்டு இருக்கும். அதற்கும் கீழே இறங்கினால் குழாயிலோ கருவியிலோ கோளாறு என்று பொருள். செய்தி கொண்டுவரும் குழாயும் பொய் சொல்லக்கூடும் என்பதை அக்காலப் பொறியாளர்கள் அறிந்திருந்தனர். பின்னர் வந்த 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்முறையும் இதே ஏற்பாட்டைக் கொண்டது. 1975இல் ஹனிவெல், யோகோகாவா நிறுவனங்கள் கணினிவழிப் பரவல் கட்டுப்பாட்டு அமைப்புகளை வெளியிட்டன. சுவரை அடைத்த கருவிகள் திரைக்குள் அடங்கத் தொடங்கின.

மைய அறையின் குறை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் வெளிப்பட்டது. 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணியளவில், அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்து, மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கு அணைந்தது. அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை; வால்வைத் திறக்கும் மின்சாரம் நின்றதை மட்டுமே காட்டியது. இயக்குநர்களோ வால்வு மூடிவிட்டதாக நம்பினர். கசிந்த நீர் சேர்ந்த தொட்டியின் அளவிகள் உண்மையைக் காட்டின. ஆனால் அவை முதன்மைப் பலகைக்குப் பின்புறம் இருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒலித்தன. எது முக்கியம் என்று யாரால் பிரித்தறிய முடியும்? நீர் போதுமென்று கருதி, அவசர நீர்ச்செலுத்தலையும் குறைத்தனர். தடுப்பு வால்வை மூடியபோது இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகிவிட்டது. உலையின் உட்பகுதியில் ஏறத்தாழ பாதி உருகியது.

இதன்பின் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் கட்டுப்பாட்டு அறைகளின் வடிவமைப்பை மறுஆய்வு செய்யப் பணித்தது. முக்கிய பாதுகாப்பு அளவீடுகளை ஒரே இடத்தில் காட்டும் திரையும் கட்டாயமானது.

இன்றைய ஆலைகளில் பெரும்பாலும் இரண்டு முறைகளும் சேர்ந்தே உள்ளன. மோட்டார் அருகிலுள்ள பலகையில் ‘லோக்கல் – ரிமோட்’ சுவிட்ச் இருக்கும். அதை லோக்கலில் வைத்தால், மைய அறையிலிருந்து வரும் இயக்கக் கட்டளையை மோட்டார் ஏற்காது. பழுது பார்ப்பவர் இதை மட்டும் நம்புவதில்லை. மின்இணைப்பையும் துண்டித்துப் பூட்டிய பிறகே கை வைப்பார். அவசர நிறுத்தப் பொத்தான் எந்த ஏற்பாட்டிலும் இயந்திரத்தின் பக்கத்திலேயே இருக்கிறது.