கார் தகட்டில் ஒரு முப்படிக் கோவை

கார் உடலின் வளைவைப் பல்லுறுப்புக்கோவையாக எழுதும் முறை 1950களின் இறுதியில் பிரான்சில் பிறந்தது. அதுவரை களிமண் மாதிரியில் அளவெடுத்து டை (தகட்டை அழுத்தும் அச்சு) வெட்டினார்கள். கைமாறும்போதெல்லாம் வளைவு சற்றே மாறிப்போகும். சிட்ரோன் நிறுவனத்தின் பால் தெ காஸ்தெல்ஜோ 1959-இல் இதற்குக் கணக்குவழி கண்டார். நிறுவனம் அதை வெளியே விடவில்லை. ரெனால்டின் பியர் பெசியே 1960களில் தாமாகவே அதே இடத்துக்கு வந்து வெளிப்படையாக எழுதியதால், பெயர் அவருக்குப் போனது. முன்னவருக்கு உரிய மதிப்பு மிகத் தாமதமாகவே கிடைத்தது; அது நியாயமன்று.

பெசியேயின் நிறுவனம் நிஸானோடு சேர்ந்து 2010 மார்ச்சில் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஆலை திறந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லேயே சான்ட்ரோ தயாரிக்கத் தொடங்கியிருந்தது. இன்று இத்தகைய ஆலைகளில் கார் தகடுகளை அழுத்தும் டைகள் அந்தப் பிரெஞ்சு முறையின் வழிவந்த வளைபரப்புகளாகவே கணினியில் வரையப்படுகின்றன.

இம்முறையில் ஒரு வளைவை நான்கு புள்ளிகள் தீர்மானிக்கின்றன என்போம். வெட்டும் தளத்திலிருந்து அவற்றின் உயரம் −8, −1, 3, 2 மில்லிமீட்டர். பெசியே முறையில் விரித்தெழுதினால் வளைவின் உயரம் −2t³ − 9t² + 21t − 8; t தொடக்கத்தில் 0, முடிவில் 1. மிகப்பெரிய அடுக்கு 3, ஆகவே படி 3. புள்ளிகளை மட்டும் எண்ணிப் படியைச் சொல்லிவிட முடியாது: கடைசி உயரம் 4 ஆக இருந்தால் t³ உறுப்பு மறைந்து படி 2 ஆகிவிடும். உயரங்களின் குறி ஒருமுறைதான் மாறுகிறது. எனவே 0-க்கும் 1-க்கும் இடையே ஒரே ஒரு பூச்சியம். அது t = 1/2. வளைவு தளத்தை வெட்டும் இடம் அதுதான்.

பரப்புக்குப் போனால் சிக்கல் பெருகும். இரு திசையிலும் முப்படியான பரப்பை ஒரு நேர்கோடு வெட்டும் இடங்களுக்கான சமன்பாட்டின் படி 18 வரை போகும். ஐந்தாம் படிக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் மூலக்குறிகளாலான பொதுச் சூத்திரம் கிடையாது என்று கணிதர் ஏபெல் 1824-இல் நிறுவிவிட்டார். அது தெரியாமல்தான் பதின்ம வயது ராமானுஜன், நாற்படிச் சமன்பாட்டுக்குச் சொந்த வழி கண்டபின், கும்பகோணத்தில் ஐந்தாம் படியோடு மல்லுக்கட்டினார்.

சூத்திரம் இல்லாததால் பூச்சியத்தை நெருங்கி நெருங்கித்தான் பிடிக்க வேண்டும். 1990-இல் கணினி வரைகலை ஆய்வாளர்கள் நிஷிதாவும் செடர்பெர்க்கும் ஒரு சகாவோடு வெளியிட்ட முறைக்குப் பெசியேயின் புள்ளிகளே கைகொடுத்தன. வளைவு அப்புள்ளிகளைச் சுற்றி வரையும் குவிந்த எல்லைக்குள்ளேயே அடங்கும். அந்த எல்லை பூச்சியக் கோட்டைத் தொடாத பகுதியை வெட்டி எறிந்து, மீதியில் அதையே மீண்டும் செய்தால், ஒற்றைப் பூச்சியம் சில சுற்றுகளிலேயே தேவையான துல்லியத்துக்குச் சிக்கிவிடும்.