பேப்பர் விற்ற பையன் கிரைம் நாவல் மன்னன் ஆன கதை!

துப்பறியும் கதைகளை எழுதிக் குவித்தவர் இங்கிலாந்து எழுத்தாளர் எட்கர் வாலஸ். 170-க்கும் மேற்பட்ட நாவல்கள் இவர் கணக்கில் உண்டு. "கிங்காங்" சினிமாவுக்கு முதலில் கதை-வசனம் எழுதியவரும் இவர்தான். ஆனால் இவரது சின்ன வயசு முழுக்க கஷ்டம்தான்.

மார்க்கெட் தொழிலாளி வீட்டில்...

1875-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி லண்டன் கிரீனிச் பகுதியில் பிறந்தார். தாய், தந்தை இருவரும் நாடக நடிகர்கள். ஆனால் கணவன்-மனைவி அல்ல. விஷயம் வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடுமே என்று பயந்த தாய், பிறந்த சில நாளிலேயே குழந்தையை வளர்க்கக் கொடுத்து விட்டார். வளர்த்தவர், பில்லிங்ஸ்கேட் மீன் மார்க்கெட் சுமைதூக்கும் தொழிலாளி ஜார்ஜ் பிரீமன். அவருக்கே வீடு நிறைய பிள்ளைகள். தாயால் பணம் கொடுக்க முடியாமல் போனபிறகும் அந்த குடும்பம் பையனைக் கைவிடவில்லை.

11 வயசில் லண்டன் லட்கேட் சர்க்கஸ் நாற்சந்தியில் நின்று பேப்பர் விற்றான் சிறுவன் எட்கர். 12 வயசில் ஸ்கூலுக்கு முழுக்கு. அச்சகம், செருப்புக்கடை, மீன்பிடி கப்பல், பால் வியாபாரம் என்று கிடைத்த வேலையை எல்லாம் பார்த்தான்.

வெள்ளை கைக்குட்டை

1894-ல் ராணுவத்தில் சேர்ந்து தென்ஆப்பிரிக்கா போன வாலஸ், அங்கேயே நிருபர் ஆனார். 1902-ல் போயர் போர் சமாதானப் பேச்சு நடந்த முகாமுக்குள் நிருபர்களை விடவில்லை. வாலஸ் என்ன செய்தார் தெரியுமா? காவலுக்கு நின்ற பழைய ராணுவ நண்பரிடம் சொல்லி வைத்தார். ரெயிலில் அந்தப் பக்கமாக போய் வந்தார். நண்பர் வெள்ளை கைக்குட்டையை எடுத்தார். ஒப்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அரசு அறிவிக்கும் முன்பே லண்டன் "டெய்லி மெயில்" பத்திரிகையில் செய்தி வந்து விட்டது!

பரிசால் வந்த கடன்

1905-ல் முதல் கிரைம் நாவல் "தி போர் ஜஸ்ட் மென்" வெளியானது. சொந்தக்காசு போட்டு அவரே வெளியிட்டார். மந்திரி கொலையானது எப்படி என்று சரியாக சொன்னால் 500 பவுண்டு பரிசு என தடபுடலாக விளம்பரம். புத்தகம் சக்கைபோடு போட்டது. ஆனால், எத்தனை பேருக்கு பரிசு என்று வரம்பு வைக்கவில்லை. சரியான விடை எழுதிய எல்லோருக்கும் பணம் கொடுக்க வேண்டிய நிலை. விற்பனை அமோகம், கையில் மிஞ்சியது கடன். முதலாளியிடம் கைநீட்டித்தான் சமாளித்தார்.

1907-ல் அவதூறு வழக்கு பிரச்சினையால் "டெய்லி மெயில்" வேலையும் போனது. அதற்காக முடங்கி விடவில்லை. 1911-ல் வெளியான ஆப்பிரிக்க கதைகள் கைகொடுத்தன.

3 நாளில் நாவல்

கையால் எழுதினால் தாமதம் என்று, மெழுகு உருளையில் பதிவாகும் எந்திரத்தில் கதையை கடகடவென்று சொல்வார். உதவியாளர்கள் டைப் அடிப்பார்கள். மூணே நாளில் நாவல் ரெடி! சம்பாதித்த பணமோ குதிரைப் பந்தயத்திலும் ஆடம்பரத்திலும் கரைந்தது.

1932 பிப்ரவரி 10-ந்தேதி அமெரிக்காவில், "கிங்காங்" வேலையின்போது நிமோனியா தாக்கி இறந்தார். குடும்பத்துக்கு விட்டுப்போனது மலையளவு கடன். அதை அடைத்ததும் அவர் எழுத்துதான். புத்தகங்களின் ராயல்டியிலேயே சுமார் 2 ஆண்டுகளில் கடன் தீர்ந்தது. பேப்பர் விற்ற அதே லட்கேட் சர்க்கஸ் சந்திப்பில் அவருக்கு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள்.