மாதிரித் துணியும் தையல் பெட்டியும்

பூத்தையல் பழகுவதற்கென்று இப்போது கடைகளில் ஒரு பெட்டி விற்கிறார்கள். ஒரு மரவளையம், பூவும் இலையும் அச்சடித்த துணி, இரண்டு ஊசி, ஆறு இழை சேர்ந்த வண்ண நூல் கட்டுகள், படம் போட்ட ஒரு தாள். நூலை அப்படியே கோர்க்க ஏலாது. இரண்டு இழையைப் பிரித்தெடுத்துத்தான் கோர்க்க வேணும். தாளில் உள்ள தையல்களில் ஓட்டுத் தையல், பின்தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல் எல்லாம் நமக்குப் பழகிய பெயர்கள். அவற்றோடு ‘பிரெஞ்சு முடிச்சு’ என்று ஒன்று. சில தாள்களில் ‘ஹொல்பைன் தையல்’ என்றும் ஒன்று. இந்தப் பெயர்களைப் பார்க்கும் மாணவி, ஊசிவேலை முழுக்க ஐரோப்பாவில் பிறந்து நம்மிடம் வந்தது எண்டு நினைத்தால் அவளைக் குறை சொல்ல முடியாது.

ஹொல்பைன் தையல்காரர் அல்ல, ஓவியர். 1497 அளவில் ஜேர்மனியில் பிறந்து, இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னருக்குப் படம் வரைந்தவர். 1536 அளவில் அவர் வரைந்த ஜேன் சீமோர் அரசியின் படம் வியன்னாவில் இருக்கிறது. சட்டைக் கையின் விளிம்பில் உள்ள கறுப்பு நூல் வேலையை அதில் அத்தனை நுணுக்கமாகத் தீட்டியிருக்கிறார். அப்படிப்பட்ட படங்களை வைத்துப் பிற்காலத்தார் அந்தத் தையலுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

தையலின் சரியான பெயர் இரட்டை ஓட்டுத் தையல். முதல் நடையில் ஊசி ஒன்று விட்டு ஒன்று ஓடும். வரிசை முடிந்ததும் வந்த வழியே திரும்பி, விட்ட இடங்களை நிரப்பிக்கொண்டு வரவேண்டும். முடித்துப் பார்த்தால் துணியின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். கேட்கச் சுகமாக இருக்கும், செய்யும்போதுதான் தெரியும். கிளை பிரிகிற வடிவமென்றால் எந்தக் கிளையைப் போகும்போது தைப்பது, எதைத் திரும்பும்போது தைப்பது என்று முதலிலேயே கணக்குப் பார்க்க வேணும். இல்லாவிட்டால் நடுவழியில் நூலோடு நிற்க வேண்டியதுதான்.

இந்தக் கணக்கை ஹொல்பைன் பிறப்பதற்கு முன்பே மிஸ்ரில் பழகியிருக்கிறார்கள். அதற்குச் சாட்சி அரசவை உடைகள் அல்ல, பழகுவோர் தைத்துப் பார்த்த மாதிரித் துணிகள். மம்லூக்குகள் ஆண்ட 1250 முதல் 1517 வரையான காலத்தைச் சேர்ந்தவை பல. எகிப்தின் உலர்ந்த மண் அவற்றைக் காத்துத் தந்தது. ஆய்வாளர் பேர்சி நியூபெரி எகிப்தில் சேகரித்த பெரும் தொகுதி ஒக்ஸ்போர்ட்டின் அஷ்மோலியன் நூதனசாலையில் உள்ளது. (குஜராத்திலிருந்து கடல்வழி போன அச்சுப் புடவைத் துண்டுகளும் அதே தொகுதியில் ஆயிரத்துக்கு மேல். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.) லண்டன் விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலையிலும் இத்தகைய மாதிரித் துணிகள் உண்டு. அஷ்மோலியன் துணிகளைப் பற்றி மரியான் எல்லிஸ் 2001இல் ஒரு நூல் எழுதினார். அவர் தாமும் ஊசி பிடித்துப் பழகியவர்; அது அந்த எழுத்துக்குப் பெரிய பலம்.

வெறும் சணல்நூல் துணி, அதன்மேல் பட்டுநூல். இங்கே ஒரு கரைப் பட்டை, அங்கே ஒரு நட்சத்திரம், பக்கத்தில் பாதியில் நின்ற சாய்சதுரம். அழகாக அடுக்க வேண்டுமென்ற எண்ணமே கிடையாது. அச்சிட்ட புத்தகம் இல்லாத காலத்தில் துணியே கொப்பி. துணியின் இழைகளை எண்ணித்தான் வடிவம் வரும். புது வடிவம் ஒன்றைக் கண்டால் காலியான இடத்தில் தைத்து வைத்துக்கொள்ள வேணும். பிறகு தேவைப்படும்போது அதைப் பார்த்து எண்ணிக்கொள்ளலாம்.

மிஸ்ரிலிருந்து இங்கிலாந்துக்கு நேர்க்கோடு கீறி விட முடியாது. அரகனின் கத்தரீன் 1501இல் ஸ்பெயினிலிருந்து மணமகளாக வந்தபோது கறுப்பு நூல் வேலையைக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை உண்டு. அந்தலூசியாவை நினைத்து நம்மவர்களும் அதை ஆசையோடு சொல்வார்கள். ஆனால் கத்தரீன் பிறக்கும் முன்னரே, 1400இல் இறந்துபோன ஆங்கிலக் கவிஞர் சோசர், தச்சன் மனைவி ஒருத்தியின் கழுத்துப்பட்டியில் உள்ளும் புறமும் கறுப்புப் பட்டு வேலை இருந்ததைப் பாடிவிட்டார். ஆகவே அந்தக் கதையை விட்டுவிடுவது நல்லது. அதைவிட உறுதியான சான்று பாரிஸில் உண்டு. 1530இல் பிரான்செஸ்கோ பெல்லெக்ரினோ அங்கே அச்சிட்ட மாதிரிப் புத்தகம், அரபு முறையிலும் இத்தாலிய முறையிலும் அமைந்த பூத்தையல் மாதிரிகள் என்று தலைப்பிலேயே சொல்கிறது. அந்தக் காலத்து ஐரோப்பியர் கடன் வாங்கியதை மறைக்கவில்லை. பெயர் மறைந்தது பின்னால்தான்.

மாதிரிப் புத்தகங்கள் 1520களிலேயே ஜேர்மனியில் அச்சாகத் தொடங்கிவிட்டன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் வியாபாரிகள் கட்டம் போட்ட தாளில் வண்ணம் தீட்டி விற்றார்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு தையல். 1886இல் தெரேஸ் த டில்மோன் எழுதிய ஊசிவேலைக் கலைக்களஞ்சியம் வந்தது. பிரான்சின் டிஎம்சி நூல் கம்பனியோடு சேர்ந்து உழைத்த அம்மையார் அவர். நூலும் விளக்கமும் சேர்ந்து விற்கிற வழக்கம் இப்படித்தான் வளர்ந்தது. இன்றைய பெட்டியில் வடிவம் துணியிலேயே அச்சாகி வருகிறது. கோட்டை நூலால் மூடினால் போதும். தொடக்கத்துக்கு அது வசதிதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் எண்ணுகிற வேலை போய்விடுகிறது. மிஸ்ரில் பழகியவளுக்கு, பழகியவனுக்கும்தான், அந்த எண்ணிக்கைதான் பாடமே.

சிசிலி அரசன் ரோஜருக்காகப் பலர்மோவில் பொன்னும் முத்தும் வைத்துத் தைத்த அங்கியின் விளிம்பில் அரபு எழுத்து ஓடுகிறது. ஹிஜ்ரி 528 என்று ஆண்டும் இருக்கிறது. மாதிரித் துணிகளில் அப்படி ஒன்றும் கிடையாது. ஆளுமில்லை, ஆண்டுமில்லை. நம் வீடுகளில் உம்மம்மாமார் தலையணை உறைக்கும் தொப்பிக்கும் பூப்போடுமுன் தைத்துப் பழகிய துண்டுகளும் அப்படியானவைதான். நல்ல உறைகளை அலுமாரியில் வைத்திருக்கிறோம். பழகிய துண்டுகள் அடுப்படியில் சட்டி பிடிக்கும் துணியாகி முடிந்தன. எங்காவது ஒரு பெட்டகத்தின் அடியில் ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தால், கழுவாமல், இஸ்திரி போடாமல், முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். முடிச்சு எங்கே விழுந்தது, ஊசி எந்த வழியாகத் திரும்பியது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.