போருக்கு முந்தைய அலெப்போ: பயணக் குறிப்புகளும் நிழற்படங்களும்

சிரியாவின் வடபகுதியில் உள்ள அலெப்போ நகரின் கடந்த காலத்தை அறிய, அங்கு வந்து சென்ற பயணிகளின் குறிப்புகளும் பழைய நிழற்படங்களும் இன்று கட்டடங்களுக்கு ஈடான சான்றுகளாகிவிட்டன. 1184-இல் வந்த அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், 'சூக்' எனப்படும் கடைவீதிகள் மரக்கூரை வேயப்பட்டு நிழலடர்ந்திருந்ததை வியந்து எழுதினார். பிற்காலத்தில் அக்கூரைகளின் இடத்தைக் கல் வளைவுகள் பிடித்தன. வணிகர் தங்கவும் சரக்கு வைக்கவும் முற்றத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட 'கான்' என்னும் சத்திரங்களில் ஆங்கிலேய, பிரெஞ்சு வணிகர்கள் வாழ்ந்ததையும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பயணி கெர்ட்ரூட் பெல் இந்நகரைப் படமெடுத்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

நகரின் பெரிய பள்ளிவாசலின் சதுர மினார், அதாவது தொழுகை அழைப்புக் கோபுரம், 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. அதன் முகங்களில் அடுக்கடுக்காக ஓடிய எழுத்துப் பட்டைகளும் செதுக்கு வளைவுகளும் பழைய படங்களில் தெளிவாகத் தெரிகின்றன. சிரிய உள்நாட்டுப் போரின்போது, 2012 செப்டம்பரில் கடைவீதிகள் தீக்கிரையாயின. 2013 ஏப்ரலில் மினாரும் சரிந்தது. சிதறிய கற்களைத் தரம்பிரித்து அதை மீண்டும் எழுப்ப முயல்வோருக்கு இத்தகைய படங்களே பெருந்துணை. ஆனால் புகழ்பெற்ற சின்னங்களுக்குக் கிடைக்கும் படங்கள் சாதாரண வீடுகளுக்கும் சந்துகளுக்கும் கிடைப்பதில்லை என்பதால், புலம்பெயர்ந்தோரின் குடும்பப் படத்தொகுப்புகள் சிதையுமுன் நகலெடுத்துக் காக்கப்பட வேண்டும்.