விமானிகளைக் காத்த சிறு வளையம்

1940ஆம் ஆண்டில் பிரிட்டனின் வானில் நடந்த போரில் ஸ்பிட்பயர், ஹரிகேன் விமானங்கள் பெற்ற புகழைப் பலரும் அறிவர். அவற்றின் எந்திரத்திலிருந்த ஒரு குறையையும், அதற்குப் பரிகாரம் கண்ட பெண்மணியையும் அறிந்தோர் சிலரே.

அவர் பெயர் பியாட்ரிஸ் ஷில்லிங். 1909ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் பிறந்தார். பதினான்கு வயதிலேயே மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பூட்டிப் பழகினார். பின்னர் மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்னும் பெண் பொறியியலாளரிடம் மின்சார வேலை கற்றார். அவ்வம்மையாரின் தூண்டுதலால் மான்செஸ்டர் பல்கலைக் கழகத்திற் சேர்ந்து, 1932இல் மின்பொறியியற் பட்டமும் மறு ஆண்டில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். 1934இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் மணிக்கு 106 மைல் வேகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டித் தங்க நட்சத்திரப் பதக்கமும் பெற்றார். 1936இல் பார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். முதலில் கிடைத்தது தொழில்நுட்பக் கையேடுகள் எழுதும் பணியே. விரைவில் கார்புரேட்டர் பகுதிக்கு மாறினார்.

குறை அக்கார்புரேட்டரில்தான் இருந்தது. மெர்லின் எந்திரம் பூட்டிய விமானம் திடீரென மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தால், பெட்ரோல் அறையின் மேற்புறத்திற்கு எழும்பிவிடும். எந்திரம் ஒரு கணம் திணறும். உடனே மிதவை நிலை தவறி, வால்வு முழுதும் திறந்து, பெட்ரோல் அளவின்றிப் பாயும். எந்திரம் மூச்சடைத்து நின்றுவிடும். ஜெர்மானிய மெஸ்ஸர்ஸ்மிட் விமானங்களிலோ பெட்ரோல் நேரே எந்திரத்துள் பீச்சப்பட்டதால் அவற்றிற்கு இத்தொல்லையில்லை. அவை தலைகீழாகப் பாய்ந்து தப்பின. பிரிட்டிஷ் விமானி பின்தொடர வேண்டுமாயின் முதலில் விமானத்தைப் புரட்டியாக வேண்டும். அந்த நொடிகளில் பகைவன் தப்பினான். சில வேளைகளில் உயிரும் போயிற்று.

புதிய கார்புரேட்டர் செய்யக் காலமில்லை. ஷில்லிங் அம்மையார், நடுவே துளையுள்ள ஒரு சிறு உலோகத் தடுப்பை வடிவமைத்தார். எந்திரத்தின் முழு வலிமைக்கு எவ்வளவு பெட்ரோல் தேவையோ அவ்வளவே அத்துளை வழியே செல்லும். விமானத்தைச் சேவையிலிருந்து நீக்காமலே அதைப் பொருத்தலாம். 1941இன் தொடக்கத்தில் அவரும் சிறு குழுவினரும் விமானத் தளந்தோறும் சென்று அதனைப் பூட்டினர். மார்ச்சுக்குள் வேலை பெரும்பாலும் முடிந்தது. அவர் 1938இலேயே மணமானவர். ஆயினும் விமானிகள் அதனை ‘மிஸ் ஷில்லிங்கின் துவாரம்’ என்றே அழைத்தனர்.

குறையை முற்றும் நீக்கும் கார்புரேட்டர் 1943இல் வந்தது. அதுவரை விமானிகளின் உயிர்க்குத் துணை நின்றது அச்சிறு துளையே. 1969 வரை பார்ன்பரோவிற் பணியாற்றிய அம்மையார் 1990இல் காலமானார். பெண்ணுக்குப் பொறியியல் எதற்கு என்று கேட்ட காலத்தில், அவர் சொல்லால் விடையிறுக்கவில்லை, செயலால் விடையிறுத்தார்.